பிள்ளைக்கு ஊட்டும் மீனும் பெற்றோரின் பொறுப்பும்

காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈ மத்ஹபினர் மிகுதி. உள்நாட்டு ஊர்களில் ஹனஃபிகள் மிகுதி. இவ்விரு குடும்பங்கள் சம்பந்தம் செய்துகொள்ளும்போது எழும் ஒரு மஸ்அலாவை இங்கே பார்ப்போம்.

பிள்ளைக்கு எட்டு மாதம். உம்மம்மா இறாலை மசித்துச் சோற்றில் பிசைந்து ஊட்ட வருகிறார். "எங்கள் மத்ஹபில் இது கூடாது என்பார்களே, மாமி" என்கிறார் தந்தை. "பால்குடிப் பிள்ளைக்கு ஹலால் ஏது, ஹராம் ஏது, மாப்பிள்ளை?" என்கிறார் அவர்.

பருவமடையாத பிள்ளைமீது குற்றமில்லை என்பது உண்மையே. ஆனால், ஊட்டுகிறவர் பொறுப்பாளி ஆவார். ஹஸன் (ரலி) அவர்கள் சிறு பிள்ளையாக இருந்தபோது ஸதகாப் பேரீத்தம்பழம் ஒன்றை எடுத்து வாயில் இட்டார்கள். பாட்டனாரான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், 'பிள்ளைதானே' என்று விட்டுவிடவில்லை. அதைத் துப்பச் செய்து, நம் குடும்பத்தார் ஸதகாவை உண்பதில்லை என்று அப்போதே உணர்த்தினார்கள். ஸஹீஹுல் புகாரியில் இச்சம்பவம் வருகிறது.

இனி மஸ்அலாவைக் காண்போம்:

1. மீன் ஹலால் என்பதில் நான்கு மத்ஹபுகளும் ஒன்றுபட்டுள்ளன. தானாகச் செத்து மிதந்த மீனை மட்டும் ஹனஃபிகள் தவிர்ப்பார்கள்.

2. கணவாய் ஷாஃபிஈகளுக்கு ஆகும்; ஹனஃபிகளுக்கு ஆகாது.

3. இறால் ஷாஃபிஈகளுக்கு ஆகும். ஹனஃபி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதை மீன் இனம் என்றோர் ஆகும் என்றனர். அல்ல என்றோர் கூடாது என்றனர்.

4. நண்டு ஹனஃபிகளுக்குக் கூடாது. ஷாஃபிஈ மத்ஹபின் பிற்கால நூல்கள் பலவற்றின் தீர்ப்பும் அதுவே.

எனவே அவ்வீட்டார், பிணக்கற்ற மீனை ஊட்டட்டும். இறாலைப் பற்றித் தம் ஆலிமிடம் கேட்டுத் தெளியும்வரை பொறுக்கட்டும். சந்தேகமானதை விட்டுச் சந்தேகமற்றதை நாடும்படி வந்துள்ள ஹதீஸை அறிவித்தவர், அன்று பேரீத்தம்பழத்தைத் துப்பிய அதே ஹஸன் (ரலி) அவர்களே! ஆனால் தம் மத்ஹபின்படி இறால் உண்போரை இழித்துப் பேசுவது கூடாது.

ஹலாலாக இருந்தால் மட்டும் போதாது; பிள்ளைக்குத் தீங்கு தராததாகவும் இருக்கவேண்டும். ஆறு மாதம் நிறையும்வரை தாய்ப்பாலே போதும். பிறகு, நன்கு வெந்த மீனை விரலால் தடவி, முள் ஒன்றுமில்லை என்று கண்டு, மசித்து ஊட்டுக. முதல்நாள் சிறிதளவே கொடுத்துப் பார்க்கவேண்டும். அன்று வேறு புது உணவு வேண்டாம். உடலில் தடிப்பு, உதட்டு வீக்கம் கண்டால் உடனே நிறுத்தி மருத்துவரிடம் காட்டுக. மூச்சுத் திணறினால் நொடியும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்க. சுறாவில் பாதரசம் மிகுதி. சிறுவருக்கு அது வேண்டாம். கருவாட்டில் உப்பு அதிகம். அதுவும் பச்சிளங் குழந்தைக்கு ஏற்றதல்ல. மத்தி, நெத்திலி போன்ற சிறுமீன்களே நலம்.

பிள்ளை அல்லாஹ் தந்த அமானிதம். நம் மக்களுக்கு ஹலாலையும் நலமானதையும் ஊட்டி வளர்க்க அவன் தௌஃபீக் செய்வானாக! ஆமீன்.