ஏழு அடுக்கை ஒப்பித்தால் நெட்வொர்க் புரியுமா?

நெட்வொர்க்கிங் படிக்கத் தொடங்குபவருக்கென்று வரும் கையேடுகளில் பல, முந்தைய கையேட்டைப் பார்த்து எழுதியவை. நேர்முகத் தேர்வில் என்ன கேட்பார்கள் என்ற கவலைதான் அத்தியாயங்களின் வரிசையைத் தீர்மானிக்கிறது. கேள்வி கேட்பவரும் அதே கையேட்டைப் படித்து வந்தவர் என்பதால் பழைய சரக்கு ஓய்வு பெறுவதே இல்லை. அப்படி ஒரு கையேட்டைத் திருத்த உட்காருகிறவர் முதலில் கைவைக்க வேண்டிய இடங்கள் சில உண்டு.

நம்பிக்கை: இன்டர்நெட் ஓ.எஸ்.ஐ.யின் ஏழு அடுக்குகளின்படி கட்டப்பட்டது. அதைப் படிக்காமல் அடுத்த பக்கத்துக்குப் போகக் கூடாது.

காலக்கணக்கே இடிக்கிறது. இன்டர்நெட்டின் முன்னோடியான ஆர்பாநெட், டி.சி.பி./ஐ.பி.க்கு முழுமையாக மாறிய நாள் 1983 ஜனவரி 1. ஓ.எஸ்.ஐ. மாதிரியை ஐ.எஸ்.ஓ. அமைப்பு தரநிலையாக வெளியிட்டது 1984இல். வீட்டில் குடிபுகுந்த பிறகு வந்து சேர்ந்த பிளான் அது. கம்ப்யூட்டர்கள் இணையத்தில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று வரையறுத்த 1989ஆம் ஆண்டின் ஆர்.எஃப்.சி. 1122 ஆவணத்தில் இருப்பவை நான்கே அடுக்குகள். செஷன், பிரசன்டேஷன் என்ற இரண்டுக்கும் அங்கே தனி இடம் கிடையாது. பிரவுசரில் பூட்டுப் படம் காட்டும் டி.எல்.எஸ். எந்த அடுக்கு என்று கேட்டுப் பாருங்கள்: ஒரு புத்தகம் நான்கு என்னும், இன்னொன்று ஐந்து, மற்றொன்று ஆறு. குழப்பம் மாணவனுடையது அல்ல. பொருந்தாத கட்டத்துக்குள் திணிக்கிறார்கள்.

அதற்காக ஓ.எஸ்.ஐ.யைத் தூக்கி எறியவும் முடியாது. அதன் நெறிமுறைகள் தோற்றாலும் எண்கள் பிழைத்துக்கொண்டன. ‘லேயர் 2 சுவிட்ச்’, ‘லேயர் 7 லோடு பேலன்சர்’ என்றுதான் இன்றும் பேசுகிறார்கள். எனவே அந்த அத்தியாயம் இருக்கட்டும், பின்னால் போகட்டும். அடுக்குகளின் பெயர்களை நினைவில் வைக்கச் சாசேஜ் பீட்ஸாவை வைத்துக் கட்டிய ஆங்கில மனப்பாட வாக்கியத்தைத் தமிழ்க் கையேடுகளும் அப்படியே எடுத்துப் போடுகின்றனவே, அதை மட்டும் விட்டுவிடலாம்.

முதல் அத்தியாயத்தில் என்ன வர வேண்டும் என்றால், வயர்ஷார்க் என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டு, ஓர் இணையதளத்தைத் திறந்து, என்ன நடக்கிறது என்று பார்ப்பது. பெயரை எண்ணாக மாற்றித் தரச் சொல்லும் டி.என்.எஸ். கேள்வி போகும். டி.சி.பி.யின் மூன்று கட்டக் கைகுலுக்கல் நடக்கும். அதன் பிறகே பக்கம் வரும். இதைக் கண்ணால் பார்த்தவனுக்கு அடுக்குகளைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு பாக்கெட்டையும் வயர்ஷார்க் அடுக்கடுக்காகப் பிரித்துத்தான் காட்டுகிறது.

நம்பிக்கை: ஐ.பி. முகவரிகள் ஏ, பி, சி என்று வகுப்பு பிரித்தவை.

வகுப்பில்லாமல் முகவரிகளைப் பிரிக்கும் சைடர் முறை 1993இல் வந்தபோதே இது முடிந்தது. 10.1.1.0/24 என்பதை ‘கிளாஸ் சி’ என்று எழுதும் பழக்கம் மட்டும் போகவில்லை. பழைய கணக்குப்படியே பார்த்தாலும் அது ஏ. வரலாறாக ஒரு பத்தி போதும்.

நம்பிக்கை: பிங் செய்து பதில் வரவில்லை என்றால் எதிர்முனை இயங்கவில்லை.

மைக் மூஸ் 1983 டிசம்பரில் எழுதிய சின்ன நிரல் பிங். அது ஐ.சி.எம்.பி. செய்தி அனுப்பி எதிரொலி கேட்கிறது, அவ்வளவுதான். வழியிலுள்ள ஃபயர்வால் அதைத் தடுத்திருக்கலாம். இயல்பு அமைப்பில் இருக்கும் விண்டோஸ் கம்ப்யூட்டரே பெரும்பாலும் பதில் சொல்லாது. வீட்டு வைஃபையில் இருக்கும் இரண்டு லேப்டாப்பில் ஒன்றிலிருந்து மற்றதை பிங் செய்துவிட்டு, உடனே ஏ.ஆர்.பி. அட்டவணையைத் திறந்து பாருங்கள். பிங்குக்கு வாய் திறக்காத லேப்டாப், தன் மேக் முகவரியை மட்டும் கொடுத்திருக்கும். அதாவது உயிரோடுதான் இருக்கிறது. (சாதனங்களை ஒன்றுக்கொன்று பிரித்துவைக்கும் விருந்தினர் வைஃபையில் இது நடக்காது.) மறுபுறம், பிங் அழகாகப் பதில் தந்தாலும் 443ஆம் போர்ட்டில் வெப்சர்வர் படுத்திருக்கலாம். பழுது பார்க்கும் பாடத்தில் இந்த இரண்டையும் செய்து பார்க்க வைத்தால், ‘பிங் வருது சார், அப்ப நெட்வொர்க் ஓகே’ என்ற தீர்ப்பு குறையும்.

நம்பிக்கை: எம்.பி.பி.எஸ். கூடினால் எல்லாமே வேகமாகும்.

100 எம்.பி.பி.எஸ். என்பது நொடிக்கு 100 மெகாபிட்; கோப்புக் கணக்கில் 12.5 மெகாபைட். இதைச் சொல்லும் கையேடுகள்கூட தாமதத்தைத் தனியாகச் சொல்வதில்லை. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. ஓடும். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடியில் போகும் கேபிள் ஏறத்தாழ 3,200 கி.மீ. போய்த் திரும்ப 32 மில்லிநொடி. எந்த பிளானுக்கு மாறினாலும் அது குறையாது. ஆன்லைன் விளையாட்டில் தோற்கும் பிள்ளைக்கு இந்தக் கணக்கு உடனே புரியும்.

நம்பிக்கை: ஐ.பி.வி.6 எதிர்காலத்துக்கு, நாட் இருக்கும்வரை கவலையில்லை, அது பாதுகாப்பும் தருகிறது.

கடைசி அத்தியாயத்தில் ‘வருங்காலத் தொழில்நுட்பம்’ என்ற தலைப்பில் ஐ.பி.வி.6ஐப் போடுகிறார்கள். அதன் முதல் வரையறை வெளிவந்தது 1995 டிசம்பரில். கூகுளின் அளவீட்டில், இந்தியாவிலிருந்து வருபவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஏற்கெனவே ஐ.பி.வி.6 வழியாகத்தான் வருகிறார்கள். புத்தகம் வருங்காலம் என்று சொல்வது வாசகரின் மொபைலில் ஓடிக்கொண்டிருக்கிறது.

பழைய ஐ.பி.வி.4இல் மொத்தமே சுமார் 430 கோடி முகவரிகள். உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரி 3 அன்று தீர்ந்தது. அந்தப் பற்றாக்குறையைச் சமாளிக்க 1994இல் முன்வைக்கப்பட்ட, பொது முகவரிகளைப் பங்கிட்டுக்கொள்ளும் ஒட்டுவேலைதான் நாட். காவல் காப்பது அதன் வேலை அல்ல. அதற்கு ரவுட்டரில் ஃபயர்வால் தனியாக உண்டு.

இதற்கு ஒரு பயிற்சி சேர்க்கலாம். வீட்டு ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் வெளிப்பக்க முகவரியைப் பார்க்கச் சொல்லுங்கள். 100.64இலிருந்து 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால், இணைப்பு தரும் நிறுவனமும் தன் பக்கத்தில் இன்னொரு நாட் வைத்து, ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிடுகிறது. அந்த வீட்டில் சி.சி.டி.வி.யை வெளியிலிருந்து பார்க்க, கையேடு சொன்னபடி எத்தனை தடவை போர்ட் ஃபார்வர்டிங் செய்தாலும் பலிக்காது. நிறுவனத்திடம் பொது முகவரி கேட்டு வாங்க வேண்டும், இல்லையென்றால் ஐ.பி.வி.6 வழியாகப் போக வேண்டும். போர்ட் ஃபார்வர்டிங் பாடத்தின் முதல் வரியிலேயே இதைப் போட்டுவிடலாம்.