ஒளியைக் குறித்துவைத்த இளைஞர்

நுழையும்முன்

அனுபவம் இல்லாதவர்க்கு வேலை கிடைப்பது அரிது. வேலை இல்லாதவர்க்கு அனுபவம் வாய்ப்பதும் அரிது. தொழில் தொடங்கும் ஒவ்வொருவரும் இச்சுழலைச் சந்திக்கின்றனர். கொல்கத்தா இளைஞர் ஒருவர் இதனைக் கடந்த வரலாற்றை இப்பாடம் கூறுகிறது.

புதுநகரில் ஒரு புதுத்தொழில்

கொல்கத்தாவின் கிழக்கே, வயல்களும் நீர்நிலைகளும் இருந்த நிலத்தில் எழுந்த நகரம் நியூ டவுன். அகன்ற சாலைகளும் அடுக்ககங்களும் தகவல் தொழில்நுட்ப அலுவலகங்களும் அங்கு நிறைந்துள்ளன. பணியின் பொருட்டுப் பல மாநிலத்தவர் அங்குக் குடியேறியுள்ளனர். தமிழ்க் குடும்பங்களும் அவற்றுள் அடங்கும். திருமணம், பிறந்தநாள், துர்கா பூசை, அலுவலக விழா என எந்த நிகழ்ச்சியானாலும் அதனைக் காணொளியாகப் பதிவு செய்ய மக்கள் விரும்புகின்றனர்.

எந்த நிறுவனத்திலும் மாதச் சம்பளத்திற்குச் சேராமல், தாமே இப்பணியை ஏற்றுச் செய்பவர் தற்சார்புக் காணொளிப் பதிவாளர் ஆவார். தொழிலைத் தொடங்கும்போது அவர் எதிர்கொள்ளும் முதல் வினா, “இதற்குமுன் நீங்கள் எடுத்த படங்களைக் காட்ட முடியுமா?” என்பதாகும். முதன்முறையாகக் கேமராவைத் தூக்குபவர் எதனைக் காட்டுவார்?

வேலை மறுக்கப்பட்டது, கற்றல் நிற்கவில்லை

இதே வினாவை எதிர்கொண்டவர் சுப்ரதா மித்ரா. இவர் 1930ஆம் ஆண்டு பிறந்தவர். கல்லூரியில் பயிலும்போதே ஒளிப்பதிவாளராக வேண்டும் என்னும் ஆவல் கொண்டிருந்தார்; ஆயினும், உதவியாளர் வேலைகூட அவருக்குக் கிடைக்கவில்லை. அக்காலத்தில் பிரெஞ்சு இயக்குநர் ழான் ரெனுவார், ‘தி ரிவர்’ என்னும் திரைப்படத்தை எடுக்கக் கொல்கத்தா வந்தார். மித்ரா அவரிடமும் வேலை கேட்டார், கிடைக்கவில்லை. எனினும், தந்தையின் முயற்சியால், படப்பிடிப்பை அருகிலிருந்து பார்க்க மட்டும் அனுமதி கிட்டியது.

ஊதியமில்லாத அந்த வாய்ப்பை மித்ரா வீணாக்கவில்லை. விளக்குகள் எங்கே வைக்கப்பட்டன, கேமரா எத்திசையில் நகர்ந்தது, நடிகர்கள் எங்கே நின்றனர் என்பனவற்றைப் படம் வரைந்து குறித்துவந்தார். ஒருமுறை காட்சி ஒன்றை மீண்டும் எடுக்க வேண்டியிருந்தது. முன்பு அமைத்த ஒளியமைப்பைச் சரிபார்க்க, ஒளிப்பதிவாளர் கிளாட் ரெனுவார் மித்ராவின் குறிப்புகளையே கேட்டுப் பெற்றார். வேலை மறுக்கப்பட்டவரின் ஏடு, வேலை செய்வோர்க்கே வழிகாட்டியது.

முதல் வாய்ப்பு

அப்படப்பிடிப்பைக் காண விடுமுறை நாள்களில் வந்துகொண்டிருந்தவர் சத்யஜித் ராய். அவர் அப்போது விளம்பர நிறுவனம் ஒன்றில் பணியாற்றி வந்தார். தாம் கண்டவற்றை மித்ரா அவரிடம் விரிவாக எடுத்துரைப்பார். பின்னர் ‘பதேர் பாஞ்சாலி’ திரைப்படத்தை எடுக்க முனைந்த ராய், அதன் ஒளிப்பதிவை மித்ராவிடமே ஒப்படைத்தார். திரைப்படக் கேமராவை அதுவரை இயக்கியிராத மித்ராவுக்கு அப்போது வயது ஏறத்தாழ இருபத்தொன்று.

1952ஆம் ஆண்டு அக்டோபரில் படப்பிடிப்புத் தொடங்கியது. இடம், காஷ் எனப்படும் வெண்பூக்கள் நிறைந்த வெளி. பூசைக் காலத்தில் நியூ டவுனின் வெற்று மனைகளில் இன்றும் பூப்பவை அவையே. அடுத்த ஞாயிறு குழுவினர் சென்றபோது, மாடுகள் மேய்ந்து பூக்கள் யாவும் அழிந்திருந்தன! அக்காட்சியை முடிக்க அடுத்த பருவம்வரை காத்திருந்தனர். பணமின்றியும் பணி பலமுறை தடைப்பட்டது. ராய் தம் காப்பீட்டுப் பத்திரத்தை அடகு வைத்தார். தாம் சேர்த்த இசைத்தட்டுகளை விற்றார். இறுதியில் மேற்கு வங்க அரசு பொருளுதவி செய்தது. 1955ஆம் ஆண்டு வெளிவந்த அப்படம், அடுத்த ஆண்டு கான் திரைப்பட விழாவில் பரிசு பெற்றது.

அடுத்து வந்த ‘அபராஜிதோ’ படத்திற்காக, வாரணாசி வீடு ஒன்றின் முற்றம் அரங்கினுள் அமைக்கப்பட்டது. வானிலிருந்து இறங்கும் நிழலற்ற ஒளியை அங்கு உண்டாக்க, மித்ரா மேலே வெள்ளைத் துணியை விரித்து, விளக்கொளியை அதன்மேல் பாய்ச்சித் தெறிக்கச் செய்தார். அரங்கினுள் இயற்கை ஒளி பிறந்தது. பிற்காலத்தில், கொல்கத்தாவிலுள்ள சத்யஜித் ராய் திரைப்பட நிறுவனத்தில் பேராசிரியராகவும் அவர் பணியாற்றினார்.

இன்று தொடங்குவோர்க்கு

இன்று கைப்பேசியிலேயே காணொளி எடுக்கலாம். ஆகவே, எடுத்துக் காட்டச் சில படங்களை ஒருவர் தாமே உருவாக்கிக்கொள்ள இயலும்: தெருவோரக் குயவர், சந்தை, பாட்டியின் சமையல் என எளிய பொருள்கள் போதும். கேமராவை உடனே விலைக்கு வாங்காமல் வாடகைக்கு எடுப்பது கடன்சுமையைத் தவிர்க்கும்.

தற்சார்புத் தொழிலில் உரிமை உண்டு, பொறுப்பும் உண்டு. பணியின் அளவு, ஊதியம், முன்பணம், ஒப்படைக்கும் நாள் ஆகியவற்றை முன்னரே எழுத்தில் உறுதிசெய்தல் வேண்டும். திருமணத் தாலிகட்டு மறுமுறை நிகழாது. எனவே, பதிவுகளை அன்றே வெவ்வேறு இரு வன்தட்டுகளில் படியெடுத்து வைத்தல் இன்றியமையாதது. ஒருவரைப் படம்பிடிக்குமுன் அவரது இசைவைப் பெறுதல் பண்பு. நியூ டவுன் விமான நிலையத்திற்கு அருகில் இருப்பதால், டிரோனைப் பறக்கவிடுமுன் அங்கு அனுமதி தேவையா என அறிந்துகொள்வதும் கடமையாகும்.

கருவிகள் மாறிவிட்டன, கூர்ந்து நோக்கும் கண்ணின் தேவை மாறவில்லை. வாய்ப்பு வரும்வரை காத்திருந்த நாள்களையே மித்ரா தம் பயிற்சி நாள்களாக ஆக்கிக்கொண்டார்.

சொல்லும் பொருளும்

இசைவு – சம்மதம்
ஏடு – குறிப்பேடு
வெற்று மனை – கட்டடம் இல்லாத நிலம்
இன்றியமையாதது – இல்லாமல் முடியாதது

பயிற்சி

1. மித்ரா தம் ஏட்டில் எவற்றைக் குறித்துவந்தார்?
2. காஷ் மலர்க் காட்சி தடைப்பட்டது ஏன்?
3. “வேலை மறுக்கப்பட்டவரின் ஏடு, வேலை செய்வோர்க்கே வழிகாட்டியது” – விளக்குக.
4. உங்கள் வீட்டு ஜன்னல் வழியே வரும் ஒளி காலையிலும் மாலையிலும் எவ்வாறு மாறுகிறது? ஒரு நாள் கூர்ந்து நோக்கி, ஐந்து தொடர்களில் எழுதுக.