யன்னலடி ஆசனம்

கேள்வி: வெளிநாட்டுப் படங்களிற் காணும் யன்னலடி ஆசனம் எங்கு தோன்றியது? நாம் புதிதாகக் கட்டும் வீட்டில் அதை அமைக்கலாமா?
– வாசகர், கிளிநொச்சி

பதில்: மத்தியகால ஐரோப்பியக் கோட்டைகளின் பருத்த சுவர்களில், யன்னலுக்கெனக் குடைந்த பள்ளத்தின் இருமருங்கும், வெளிச்சத்தை நாடி அமைத்த கல்லிருக்கைகளே இதன் பூர்வீகம்; பின்னர் அது மரத் தளபாடமாகி, ஆங்கிலேயத் தளபாடக் கலைஞர் ஹெப்பிள்வைட் காலமானபின் 1788இல் வெளிவந்த அவரது நூலில், யன்னலை மறைக்காதபடி முதுகுச் சாய்வின்றி, வளைந்தெழுந்த இரு பக்கங்களோடு சித்திரிக்கப்பட்டது. வெயிலுக்கு அஞ்சிச் சிறு யன்னல் வைத்த வன்னியின் மண்வீடுகளிலோ, சாணமிட்டு மெழுகிய திண்ணையே அந்த ஸ்தானத்தை (படுத்துறங்கவும் உதவுமாகையால், என் அபிப்பிராயத்தில் இன்னும் சிறப்பாக) வகித்தது. ஆசையாயின் தாராளமாக அமையுங்கள். ஆனால் மேற்கு வெயிலையும், மாரியில் சாரலடிக்கும் வடகிழக்கையும் தவிர்த்து, சோழகக் காற்று நுழையும் தென்புறத்தில், 18 அங்குல உயரத்தில், கூரை நன்கு நீண்டு நிழல் தரும் இடத்தில் வைப்பதே உசிதம்.