கார்கோ ஃபிக்ஸ் தின்ற ஒரு 'மியூட்'

எங்கள் ரஸ்ட் புராஜெக்டைக் கம்பைல் செய்தால் திரை முழுக்க மஞ்சள். பயன்படாத இம்போர்ட், தேவையில்லாத 'மியூட்' என்று நூற்றுக்கு மேல் வார்னிங். புதிதாக ஒன்று முளைத்தாலும் அந்தக் கூட்டத்தில் யார் கண்ணிலும் படாது. அது உறுத்திக்கொண்டே இருந்ததால், வார்னிங்குகளைத் தானே திருத்தும் 'கார்கோ ஃபிக்ஸ்' கருவியைச் சோதிக்கும் வேலையை நானே கேட்டு வாங்கினேன். 2018-இல் ரஸ்ட் 1.29-உடன் வந்தது அது.

முதல் முறை ஓடவே மறுத்தது. கிட்டில் கமிட் ஆகாத மாற்றங்கள் கிடந்தன. 'அலவ் டர்ட்டி' என்று சொன்னால் விட்டுவிடும், தயவுசெய்து சொல்லாதீர்கள். கருவி மாற்றியது எது, நாம் மாற்றியது எது என்று பிரிக்க முடியாமல் போய்விடும்.

கமிட் செய்துவிட்டு ஓட்டினேன். வார்னிங் பாதிக்கு மேல் குறைந்தது, லினக்ஸில் டெஸ்ட் எல்லாம் பாஸ். மறுநாள் காலையில் விண்டோஸ் பில்ட் உடைந்து கிடந்தது.

காரணம் ஒரே ஒரு சொல். ஆர்க்யுமென்ட்களைச் சேர்க்கும் ஒரு வெக்டர். அதில் புஷ் செய்யும் ஒரே வரி, விண்டோஸுக்கு மட்டும் என்ற 'சிஎஃப்ஜி' நிபந்தனைக்குள் இருந்தது. லினக்ஸில் கம்பைல் செய்யும்போது அந்த வரியே கிடையாது. வெக்டர் எங்கும் மாறவில்லை, 'மியூட்' எதற்கு என்று கம்பைலர் கேட்டது, கருவி அழித்துவிட்டது. மாற்றிய பின் கருவியே மறுபடி கம்பைல் செய்து பார்க்கும், உடைந்தால் பழையபடி வைத்துவிடும். ஆனால் அந்தப் பரிசோதனையும் அதே லினக்ஸுக்குத்தானே!

'மியூட்'டைத் திரும்பப் போட்டு, விண்டோஸ் அல்லாத இடங்களில் மட்டும் அந்த வார்னிங்கை அனுமதிக்கும்படி மேலே ஒரு வரி எழுதினேன். அன்றிலிருந்து ஒரு கிரேட்டுக்கு ஒரு கமிட். எல்லா ஃபீச்சர்களையும் திறந்து, நாங்கள் வெளியிடும் எல்லா டார்கெட்டிலும் பில்ட் ஆன பிறகே மெர்ஜ். டிஃபில் 'சிஎஃப்ஜி' இருக்கும் ஃபைல்களை முதலில் படிக்கிறேன்.

கருவி தொடாமல் விட்டவற்றையும் ஒவ்வொன்றாகப் படியுங்கள். உறுதியாகச் சரி என்று கம்பைலர் குறித்த திருத்தங்களை மட்டுமே அது செய்யும். மிச்சத்தில் பயன்படாத வேரியபிள் ஒன்று இருந்தது. வேண்டுமென்றே விட்டதானால் பெயருக்கு முன் அடிக்கோடு போடு என்று கம்பைலர் யோசனை சொன்னது. கை அடிக்கோட்டுக்குப் போய்விட்டது. அதற்குள் ஃபங்ஷனை மேலிருந்து படித்துப் பார்த்தேன். கான்ஃபிக் ஃபைலிலிருந்து டைம்அவுட்டைப் படித்து அந்த வேரியபிளில் வைத்திருக்கிறோம். மூன்று வரி தள்ளி, இணைப்பைத் திறக்கும்போது கொடுத்திருப்பதோ டீஃபால்ட் மதிப்பு. கான்ஃபிகில் என்ன எழுதினாலும் எடுபடவில்லை என்று சிலர் புகார் சொல்லியிருந்தார்கள்; நாங்கள் அவர்கள் நெட்வொர்க்கைச் சந்தேகித்தோம்.