மாடல் விமானம் விடுபவர்களுக்கு: டிரான்ஸ்மிட்டரைக் கம்ப்யூட்டரில் சோதிப்பது எப்படி?

குரோம்பேட்டை எம்.ஐ.டி. மாணவர்களின் தக்‌ஷா குழு, நடிகர் அஜித்குமாரை ஆலோசகராகக் கொண்டு, 2018-இல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆளில்லா விமானப் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றது. அந்த ஆர்வத்தில் மாடல் விமானம் வாங்கியவர்களில் நானும் ஒருவன்.

ஒரகடத்தில் சாப்ட்வேர் இன்ஜினியராக வேலை செய்கிறேன். என் முதல் விமானம் கிளம்பிய இரண்டாவது நொடியில் கவிழ்ந்து, வேடிக்கை பார்த்த ஒரு சிறுவனுக்கு இரண்டடி தள்ளி விழுந்தது. எய்லரான் தலைகீழாக வேலை செய்ததுதான் காரணம். முதல் நாள் இரவே சோதித்திருந்தேன். ஆனால் விமானத்திற்கு முன்னால் நின்று சோதித்தேன். அங்கிருந்து பார்த்தால் இடமும் வலமும் மாறிவிடும். நீங்கள் அந்தத் தவறைச் செய்யாதீர்கள்.

முதலில் கம்ப்யூட்டருக்கு வருவோம். எட்ஜ்டிஎக்ஸ் சாப்ட்வேர் உள்ள டிரான்ஸ்மிட்டரை ஆன் செய்து, யு.எஸ்.பி. கேபிளால் இணையுங்கள். திரையில் தோன்றும் மெனுவில் ஜாய்ஸ்டிக் என்பதைத் தேர்வு செய்யுங்கள். மெனு வரவில்லையா? கேபிள் சார்ஜ் செய்வதற்கு மட்டுமானதாக இருக்கலாம். வேறு கேபிளை மாற்றிப் பாருங்கள்.

இனி விண்டோஸ் கீயுடன் ஆர் கீயை அழுத்தி, ரன் கட்டத்தில் ஜாய் டாட் சிபிஎல் (ஜே, ஓ, ஒய், புள்ளி, சி, பி, எல்) என டைப் செய்து என்டர் தட்டுங்கள். கேம் கன்ட்ரோலர் விண்டோவில் உங்கள் டிரான்ஸ்மிட்டரின் பெயர் இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்து, ப்ராபர்ட்டீஸ் க்ளிக் செய்யுங்கள். டெஸ்ட் டேபில், ஸ்டிக்கை அசைக்கும்போது கூட்டல் குறியும் பட்டைகளும் நகரும். ஒரு ஸ்டிக்கை ஒரு திசையில் மட்டும் அசைத்தால் ஒன்றுதான் நகர வேண்டும். ஓரம் வரை போகவில்லை என்றால் செட்டிங்ஸ் டேபில் காலிப்ரேட் செய்யுங்கள். பிறகு பிக்காசிம் போன்ற இலவச சிமுலேட்டரில் பழகலாம். அங்கே எத்தனை முறை விழுந்தாலும் செலவில்லை.

சிமுலேட்டரில் சரியாக இருந்தால் விமானத்திலும் சரியாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். சர்வோ திரும்பும் திசை கம்ப்யூட்டருக்குத் தெரியாது. எனவே புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு, விமானத்தின் பின்னால் நின்று இவற்றைப் பாருங்கள்.

1. எய்லரான் ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளினால், வலது எய்லரான் மேலே எழ வேண்டும். இடது கீழே இறங்க வேண்டும்.

2. எலிவேட்டர் ஸ்டிக்கை உங்கள் பக்கம் இழுத்தால், எலிவேட்டர் மேலே எழ வேண்டும்.

3. ரட்டர் ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளினால், ரட்டரின் பின்விளிம்பு வலப்பக்கம் திரும்ப வேண்டும்.

தவறாக இருந்தால், அவுட்புட்ஸ் பக்கத்தில் அந்தச் சேனலின் திசையை மாற்றுங்கள்.

4. மோட்டார் ஓடும்போது டிரான்ஸ்மிட்டரை ஆஃப் செய்யுங்கள். மோட்டார் நிற்க வேண்டும். இதுதான் ஃபெயில்சேஃப். நிற்காவிட்டால் பறக்கவே விடாதீர்கள். சிக்னல் போனாலும் அந்த விமானத்தின் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும்.

எப்போதும் டிரான்ஸ்மிட்டரை முதலில் ஆன் செய்து, விமானத்தின் பேட்டரியைப் பிறகு இணையுங்கள். முடித்ததும் பேட்டரியை முதலில் கழற்றுங்கள்.

2021 டிரோன் விதிகளின்படி வான்பரப்பு பச்சை, மஞ்சள், சிவப்பு எனப் பிரிக்கப்பட்டுள்ளது. மஞ்சள், சிவப்புப் பகுதிகளில் அனுமதி தேவை. உங்கள் மைதானம் எந்த நிறத்தில் உள்ளது என்று வரைபடத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

இத்தனை சோதனைக்கும் பத்து நிமிடம் போதும். நான் இப்போது ஒவ்வொரு முறையும் செய்கிறேன், வேடிக்கை பார்க்கும் சிறுவர்களைப் பின்னால் நிற்கச் சொல்லிவிட்டு.