ஒரே சோப்புத் தண்ணீரில் மூணு தடவை துவைக்கலாமா?



போன மாதம் நான் செய்த ஒரு தப்பில் இருந்துதான் இந்தப் பாடம் ஆரம்பிக்கிறது. எங்க அப்பா சுரங்கத்தில் ஒப்பந்த வேலை பார்க்கிறார். அவர் சட்டை முழுக்க பழுப்பு நிலக்கரித் தூள் அப்பியிருக்கும். அன்னிக்கு அம்மா வீட்டில் இல்லை. குழாயிலும் தண்ணீர் நின்றுவிட்டது. அப்பா துணியைத் துவைத்த அதே தண்ணீரில், விளையாட்டு விழாவுக்கு வைத்திருந்த என் வெள்ளைச் சட்டையைப் போட்டுவிட்டேன். சட்டை டீ கலரில் வெளியே வந்தது! நான் அழுதுவிட்டேன். அம்மா வந்து பார்த்து, "தண்ணிய மறுபடி எடுத்தது தப்பில்லடி. வரிசைய மாத்துன பாரு, அதான் தப்பு" என்றார்கள்.

அது சரியா என்று அறிவியல் டீச்சரிடம் கேட்டேன். "உங்க அம்மா சொன்ன மாதிரியே வேலை செய்யற மெஷின் ஒரு காலத்துல இருந்துச்சும்மா" என்று டீச்சர் சொன்னதும் ஆச்சரியமாகிவிட்டது.

பழைய மெஷின்

1950களில் அமெரிக்காவில் "சட்ஸ் சேவர்" என்ற வசதியோடு வாஷிங் மெஷின்கள் விற்றன. சட்ஸ் என்றால் சோப்பு நுரைத் தண்ணீர். வேர்ல்பூல் கம்பெனியும் இப்படிப்பட்ட மெஷினை விற்றது. (அதே பெயரில் நமக்குப் பக்கத்துப் புதுச்சேரியில் வாஷிங் மெஷின் ஆலை இருக்கிறது.)

அந்த மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு தொட்டி இருக்கும். முதல் தடவை துவைத்ததும் சுடு சோப்புத் தண்ணீரை மெஷின் அந்தத் தொட்டிக்கு அனுப்பும். அலசிய தண்ணீர் மட்டும் வேறு வழியாகச் சாக்கடைக்குப் போகும். தொட்டியில் அழுக்கு அடியில் படிந்துவிடும். அடுத்த துணி போட்டதும் மேல் தண்ணீரை மெஷினே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். அடி வண்டலைத் தொட்டியிலேயே விட்டுவிடும். நாம் வகுப்பில் படித்த "தெளியவைத்து இறுத்தல்" இதுதான்! சோப்புத் தூள், தண்ணீர், தண்ணீரைச் சுட வைக்கும் செலவு மூன்றும் மிச்சம். பிறகு குறைந்த தண்ணீரில் துவைக்கும் மெஷின்கள் வந்ததால் இது மறைந்துபோனது.

சோப்பு எப்படி வேலை செய்கிறது?

சோப்பு மூலக்கூறுக்கு ஒரு தலை, ஒரு வால். தலைக்குத் தண்ணீர் பிடிக்கும். வாலுக்கு எண்ணெய் பிடிக்கும். வால்கள் எண்ணெய் அழுக்கைச் சுற்றிப் பிடித்துக்கொள்ள, தலைகள் அதைத் தண்ணீருக்குள் இழுத்து வந்துவிடும். லேசான அழுக்குத் துணி என்றால் எல்லா மூலக்கூறும் செலவாகாது. மிச்சம் இருப்பது அடுத்த துணிக்கு உதவும். மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க, அந்தத் தண்ணீரைப் பாட்டிலில் பாதி ஊற்றிக் குலுக்குங்கள். நுரை நின்றால் இருக்கிறது. நிற்காவிட்டால் கொஞ்சம் சோப்புத் தூள் சேர்க்கணும்.

நாங்கள் செய்து பார்த்தது

எங்கள் வீட்டில் இருப்பது பழைய செமி ஆட்டோமேட்டிக். தண்ணீர் விடுவதும் திறப்பதும் நம் கையில்தான். மெஷினைத் திண்ணையில் ஏற்றி, கீழே இரண்டு பெரிய பிளாஸ்டிக் டப் வைத்து, அதில் டியூபை விட்டோம்.

1. முதலில் வெள்ளைத் துணி. தண்ணீர் 3 குடம்.
2. அந்தத் தண்ணீரை 20 நிமிடம் தெளியவிட்டு, மேல் தண்ணீரோடு அரைக் குடம் புதுத் தண்ணீர் சேர்த்துக் கலர் துணி.
3. மறுபடி அதே மாதிரி அரைக் குடம் சேர்த்து அப்பாவின் வேலைத் துணி.

மொத்தம் 4 குடம். தனித்தனியாக என்றால் 9 குடம். மிச்சம் 5 குடம்! எங்கள் வீட்டில் அது ஒரு நாள் சமையலுக்கும் குடிக்கவும் போதும்.

கவனிக்க: அலசுவதற்கு எப்போதும் நல்ல தண்ணீர்தான். கைக்குழந்தை துணி, நோயாளி துணி இதில் சேரக் கூடாது. சோப்புத் தண்ணீரை ராத்திரி முழுக்க வைத்தால் நாறும். மெஷினைத் தொடும் முன் பிளக்கைப் பிடுங்கிவிடணும்.

நெய்வேலியில் ஏன் இது முக்கியம்?

நம் ஊர் நிலக்கரிக்கு அடியில் பெரிய நிலத்தடி நீர் இருக்கிறது. அது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரை மேல்நோக்கி அழுத்துகிறது. அதை இறைக்காவிட்டால் சுரங்கத்துக்குள் தண்ணீர் பொங்கிவிடும். அதனால் இராப்பகலாக இறைக்கிறார்கள். அந்தத் தண்ணீர் அனல் மின் நிலையத்துக்கும் பயன்படுகிறது. "எங்க காலத்துல போர் போட்டா மோட்டார் இல்லாமலே தண்ணி தானா பொங்கி வரும்" என்று ஆயா சொல்வாங்க. இப்போது எங்கள் தெருவில் குடத்தோடு வரிசையில் நிற்கிறோம். அதனால்தான் ஒரு குடத்தின் அருமை எங்களுக்குத் தெரியும்.

கடைசியாக ஒன்று. அந்த வெள்ளைச் சட்டையை அலசி அலசியே 4 குடம் செலவானது. அப்பவும் கறை முழுசாப் போகலை. விழாவில் அதைப் போட்டுக்கிட்டுதான் ஓடினேன். நீங்கள் யாரும் வரிசையை மாத்திடாதீங்க!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி