இலட்சியமும் விடாமுயற்சியும்: ஒரு கமக்காரர் தரும் பாடம்

முன்னேற வேண்டும் என்ற எண்ணம் இல்லாத குடும்பம் இல்லை. ஆனால் காணியையும் கிணற்றையும் விதைநெல்லையும் விட்டு வந்தவர்களிடம், "இனி எதை நம்பி முயல்வது?" என்ற கேள்வியும் எழுவது இயல்பே. இக்கேள்வியை மனதிற் கொண்டு, ஆபிரிக்கக் கமக்காரர் ஒருவரின் வாழ்வை இங்கு நோக்குவோம்.

ஆசையும் இலட்சியமும்

ஆசை, "மழை பெய்ய வேண்டும்" என்று சொல்லும். இலட்சியம், "பெய்கின்ற மழையை என் நிலத்திலே நிறுத்துவேன்" என்று சொல்லும். ஆசை பிறரையும் காலத்தையும் பார்த்திருக்கும். இலட்சியமோ, தன் கையால் ஆகக்கூடிய ஒரு வேலையைத் தேடிப் பிடிக்கும். அந்த வேலையை நாள்தோறும் செய்வதே விடாமுயற்சி.

யாக்கூபா சவடோகோ

மேற்கு ஆபிரிக்காவிலுள்ள புர்கினா பாசோ நாட்டின் வடபகுதியில் கூர்கா என்ற கிராமத்தைச் சேர்ந்தவர் யாக்கூபா சவடோகோ. 1970களிலும் 1980களின் தொடக்கத்திலும் அப்பிரதேசத்தைக் கடும் வறட்சி வாட்டியது. மண் பாறைபோல் இறுகியது. கிணறுகளின் நீர் கீழே இறங்கியது. பல குடும்பங்கள் ஊரை விட்டு வெளியேறின.

அக்காலத்தில் யாக்கூபா சந்தையில் நன்றாக நடந்த வியாபாரத்தை விட்டுக் கமத்துக்குத் திரும்பினார். அவர் கையில் எடுத்தது முன்னோர் அறிந்திருந்த ஒரு முறை. இறுகிய நிலத்தில் சிறு குழிகள் தோண்டி விதைக்கும் அம்முறைக்கு 'சாய்' என்று பெயர். அதை அவர் திருத்தியமைத்தார். குழிகளைப் பெரிதாகவும் ஆழமாகவும் தோண்டினார். மழைக்குக் காத்திராமல் வறண்ட காலத்திலேயே தோண்டி, எருவும் குப்பையும் இட்டார். அந்த எருவைத் தேடிக் கறையான்கள் வந்தன. அவை துளைத்த வழிகளால் மழைநீர் உள்ளே இறங்கியது. நிலத்துக்குக் குறுக்கே கல்வரிசைகள் வைத்து, ஓடும் நீரைத் தணித்தார். இறுங்கும் கம்பும் விளைந்தன.

இது இலகுவான வேலையல்ல. ஒரு ஹெக்டேரில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட குழிகள் வேண்டும். அதற்குப் பல நூறு மணித்தியால உழைப்புத் தேவை. ஊரார் அவரைப் பைத்தியக்காரன் என்றனர். அவர் வளர்த்த மரங்களுக்குத் தீயும் வைக்கப்பட்டது. அவர் மீண்டும் நட்டார். எருவோடு வந்த மர விதைகள் குழிகளில் முளைத்தபோது அவற்றையும் பிடுங்காமல் காத்தார். ஒரு காலத்தில் வெறுமையாய்க் கிடந்த நிலத்தில், 60 ஏக்கருக்கும் மேற்பட்ட காடு உருவாயிற்று.

நாம் கவனிக்க வேண்டியவை

1. அவர் இருப்பதைக் கொண்டு தொடங்கினார். மண்வெட்டி, எரு, முன்னோர் அறிவு ஆகியவையே அவருடைய முதல்.

2. ஒரே வேலையை வெறுமனே திரும்பத் திரும்பச் செய்யவில்லை. செய்து பார்த்து, விளைவைக் கவனித்து, முறையை மாற்றினார். கண் திறந்திராத விடாமுயற்சி வெறும் பிடிவாதமாகிவிடும்.

3. கற்றதை ஒளித்து வைக்கவில்லை. 1984 முதல் ஆண்டுக்கு இரு தடவை தமது கமத்தில் சந்தை நாட்கள் நடத்தினார். பல கிராமத்தவர் தத்தம் விதைகளைக் கொண்டுவந்து பகிர்ந்தனர். பரிகசித்த ஊரிலிருந்தும் பலர் கற்றுக்கொண்டனர்.

முயற்சி மட்டும் போதுமா?

போதாது என்பதையும் இவ்வாழ்வே காட்டுகிறது. பின்னாளில் அருகிலிருந்த நகரம் விரிந்தபோது, அவருடைய காட்டின் ஒரு பகுதி மனைகளாகப் பிரிக்கப்பட்டது. உழைத்துப் பசுமையாக்கிய நிலத்தின் மீது அவருக்குச் சட்டப்படியான உறுதி இருக்கவில்லை. 2018இல் 'சரியான வாழ்வாதார விருது' என்ற சர்வதேச விருதும், 2020இல் ஐக்கிய நாடுகள் சபையின் 'பூமியின் சாதனையாளர்' விருதும் அவருக்குக் கிடைத்தன. 2023 டிசம்பரில் அவர் காலமானார். உலகம் போற்றிய மனிதருக்கும் காணிப் பிரச்சினை நேர்ந்தது. ஆகவே, உழைப்போடு காணிப் பத்திரங்களைப் பேணுவதும், உரிமைக்காகச் சேர்ந்து குரல் கொடுப்பதும் நம் விடாமுயற்சியின் பகுதிகளே. இழந்தவரை நோக்கி "நீ முயலவில்லை" என்று சொல்வது அநீதி.

ஓர் எச்சரிக்கை

குழி முறை மழை குறைந்த, இறுகிய நிலத்துக்கே பொருந்தும். நீர் தேங்கும் வயலுக்கு ஆகாது. நெடுங்காலம் கைவிடப்பட்ட காணியாயின், கண்ணிவெடி அகற்றப்பட்டது உறுதியான பின்னரே மண்வெட்டி போட வேண்டும். முதலில் ஒரு மூலையில் சில குழிகளைத் தோண்டிப் பார்த்து, ஒரு போகத்தின் விளைவைக் கண்டபின் பெருக்குவது நன்று.

கலந்துரையாடுவோம்

அ. இன்று நம் கையில் மீதமிருப்பவை எவை? விதை, கருவி, அறிவு, உறவு என எண்ணிப் பாருங்கள்.

ஆ. நம் பெற்றோர் அறிந்திருந்து நாம் கைவிட்ட கமமுறை எது? அதை எவ்வாறு திருத்தலாம்?

இ. அடுத்த மழைக்கு முன் நம் குழுவாகச் செய்து முடிக்கக்கூடிய ஒரு சிறு வேலை எது? யார், எந்நாளில் தொடங்குவது?

மூன்றாவது கேள்விக்குப் பதிலாக ஒரு பெயரையும் ஒரு திகதியையும் எழுதாமல் கூட்டத்தைக் கலைக்காதீர்கள்.